கோட் யாருக்குப் போகிறது? பூட்டிக்கொண்ட கணக்கைத் திறப்பது பற்றிக் கடையில் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். திரை மாற்றுவது, பேட்டரி மாற்றுவது, சிம் போட்டுத் தருவது, இவைதான் தொழில். ஆனால் எல்பில், ஹீவுட், லிந்தாங் பக்கமிருந்து வருகிறவர்களில் பலர் இப்போது கேட்பது வேறு. "தம்பி, பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன், அப்புறம் என்னமோ கோட் கேக்குது, உள்ளே விட மாட்டேங்குது." சொந்தக் கணக்குக்கு வெளியே நிற்கும் இவர்களிடம் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

பாஸ்வேர்டு இருக்கும்போது இந்தக் கோட் எதற்கு?

ஏடிஎம் மெஷினில் கார்டும் வேண்டும், பின் நம்பரும் வேண்டும் அல்லவா? அதே கதைதான். பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரிந்த விஷயம். கோட் வந்து சேரும் கைப்பேசி உங்களிடம் இருக்கும் பொருள். பேரப்பிள்ளையின் பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்து வைத்த பாஸ்வேர்டை ஊகிப்பது பெரிய வேலை இல்லை. கைப்பேசியும் கையில் இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்று சொன்னால் திருடனுக்குக் கஷ்டம். கைப்பேசி உங்கள் கையிலும் இல்லாமல் போகும் நாளில் கஷ்டம் உங்களுக்கு.

பூட்டிக்கொண்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில் கையை எடுங்கள். பதற்றத்தில் பத்துத் தடவை தப்பான கோட் போட்டால், கணக்கு உங்களையே திருடன் என்று நினைத்துக் கொஞ்ச நேரத்துக்கு எல்லா வழியையும் அடைத்துவிடும்.

பிறகு திரையைப் படியுங்கள். கோட்டை எங்கே அனுப்புகிறேன் என்று அதிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும், மின்னஞ்சலின் முதல் எழுத்தும் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் யாரும் இதைப் படிப்பதில்லை. அந்த இரண்டு இலக்கம் யாருடையது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதற்கு அடுத்து, வீட்டில் வேறு ஏதாவது ஒன்றில் அதே கணக்கு இன்னும் திறந்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய போன், பேரன் கார்ட்டூன் பார்க்கும் டேப்லெட், மகளின் மடிக்கணினி என்று எதுவாகவும் இருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால் அதில் ‘லாக் அவுட்’ மட்டும் செய்துவிடாதீர்கள். திறந்திருக்கும் அந்த ஒரே கதவின் வழியாகத்தான் செட்டிங்ஸுக்குள் போய்ப் புது எண்ணைச் சேர்க்க முடியும். ஒரு தாத்தா, "எதுக்கும் ஒரு தடவை வெளியே வந்து திரும்பப் போய்ப் பார்ப்போமே" என்று டேப்லெட்டிலும் வெளியே வந்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். என்ன சொல்வது!

காட்டும் எண் என் மகனுடையது. அவன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

எங்கள் ஊரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். தோட்டத்து வேலையை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த அம்மாவுக்கு முதல் ஸ்மார்ட்போன் வாங்கித் தந்தது மகன். ஜிமெயில் திறந்து கொடுத்ததும் மகன். எண் கேட்ட இடத்தில், அம்மாவின் எண் அந்த நேரத்துக்கு ஞாபகம் வராமல் தன் எண்ணைப் போட்டதும் அவன்தான். பிறகு ஜோகூருக்குப் போனான், அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போனான், மலேசிய எண்ணை விட்டுவிட்டு அந்த ஊர் எண்ணை வாங்கிக்கொண்டான். அம்மாவின் கணக்குச் சாவி நடுவழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

பழைய எண் மகனிடம் இன்னும் உயிரோடு இருந்தால் கவலையில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் மகனைக் கூப்பிட்டு, அவன் எடுத்துப் பேசிய பிறகுதான் ‘கோட் அனுப்பு’ என்பதை அழுத்த வேண்டும். கோட்டுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு, இரவு ஷிப்ட் முடிந்து தூங்கும் பிள்ளையை எழுப்புவதற்குள் கோட் காலாவதியாகி, மறுபடி அனுப்பி, எது புதுக் கோட், எது பழைய கோட் என்று குழம்பிப்போகிறார்கள். கடைசியாக வந்த கோட் மட்டுமே செல்லும்.

உள்ளே போனதும் அன்றைக்கே உங்கள் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். மகனுடைய மின்னஞ்சலை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. அவனே ஒரே வழி என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. போனில் கோட்டைப் படித்துச் சொல்வது, நீங்களே கூப்பிட்டு நீங்களே கேட்கும்போது மட்டும் சரி. "அம்மா, புது நம்பர்லேர்ந்து பேசறேன், ஒரு கோட் வரும் சொல்லுங்க" என்று வருகிற அழைப்பு மகனுடையது இல்லை. குரல் அவனுடையது போலவே இருந்தாலும் வைத்துவிட்டு அவனுடைய வழக்கமான எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

போன் தொலைந்துவிட்டது. ஆனால் எண் என்னுடையதுதான்.

அப்படியானால் எண்ணை மீட்கலாம். முதலில் தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டு அந்த சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் போனை எடுத்தவன் கைக்குத்தான் உங்கள் கோட்கள் போய்க்கொண்டிருக்கும். பிறகு ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு அந்த நிறுவனத்தின் மையத்துக்கு நேரில் போய் அதே எண்ணுக்கு மாற்று சிம் கேளுங்கள். கடையில் தொங்கும் புது சிம்மை வாங்கிவிடாதீர்கள். அது வேறு எண்.

இங்கே ஒரு முடிச்சு வரும். 2006க்குப் பிறகு நம் நாட்டில் ப்ரீபெய்ட் சிம்கூட ஒருவர் பெயரில் பதிவாகித்தான் இருக்க வேண்டும். நீங்கள் பத்து வருடமாகப் பேசும் எண் மருமகன் பெயரில் இருக்கலாம். மாற்று சிம்முக்கு அவர்தான் வர வேண்டும். எண் யார் பெயரில் இருக்கிறது என்பதை, தொலையாமல் இருக்கும் இன்றே ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. முடிந்தால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாற்று சிம் கிடைத்தால் குறுஞ்செய்தியில் வரும் கோட் எல்லாம் திரும்ப வரும். கோட்டைப் போனிலேயே உண்டாக்கும் ஆதென்டிகேட்டர் ஆப்பில் வந்த கோட் வராது. அதற்குக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

டாப் அப் போடாமல் விட்டதில் பழைய எண் செத்துவிட்டது. கோட் அந்த எண்ணுக்குத்தான் போகிறது.

ப்ரீபெய்ட் எண் ஒரே நாளில் சாவதில்லை. முதலில் வெளியே பேச முடியாது. பிறகு உள்ளே வருவதும் நிற்கும். அதற்கும் பிறகுதான் எண்ணை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், பிளானுக்குப் பிளான் மாறும். ஆகவே "செத்துவிட்டது" என்று நீங்களே முடிவுகட்டாமல் முதலில் அவர்களிடம் கேளுங்கள். சில நேரம் ஐசியோடு போய் ரீலோட் போட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடும்.

எடுத்துக்கொண்ட எண் சும்மா கிடக்காது, வேறு ஆளுக்கு விற்கப்படும். ஒரு அக்கா தன் பழைய எண்ணுக்குத் தானே அழைத்துப் பார்த்தார். கிளந்தானில் ஒரு மக்சிக் (மலாய்க்கார அம்மா) எடுத்தார். அக்கா நடந்ததைச் சொல்லி, "இப்போது ஒரு கோட் வரும், படித்துச் சொல்லுங்கள்" என்று கெஞ்சினார். மக்சிக் மரியாதையாக மறுத்து வைத்துவிட்டார். அக்காவுக்கு இன்னும் கோபம். எனக்கென்னவோ மக்சிக் செய்ததுதான் சரி என்று படுகிறது. தெரியாத ஆள் கோட் கேட்டால் தரக் கூடாது என்று நாம்தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

அந்த எண் இனி உங்களுடையது இல்லை என்றால் மீட்பு மின்னஞ்சல், எழுதிவைத்த பேக்கப் கோட் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்), திறந்தபடி இருக்கும் இன்னொரு கருவி, இந்த மூன்றில் ஒன்றைத் தேட வேண்டும். மூன்றும் இல்லையென்றால் அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கூகுள் கணக்கை வேறு எந்த வழியும் இல்லாமல் எப்படித் திரும்பப் பெறுவது?

கூகுளின் கணக்கு மீட்புப் பக்கம்தான் வழி. சாதாரண ஜிமெயிலுக்கு ஈப்போவிலும் கவுன்டர் கிடையாது, கோலாலம்பூரிலும் கிடையாது. பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு எண்ணும் கிடையாது. தேடும்போது ‘கூகுள் வாடிக்கையாளர் சேவை’ என்று எண்கள் வரும். அவற்றைக் கூப்பிட்டவர்கள் கணக்கையும் இழந்து காசையும் இழந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தில் உங்களை எடைபோடுவது மனிதர் இல்லை. இது உண்மையிலேயே அந்த ஆள்தானா என்று ஒரு கணினி ஊகிக்கிறது. அதனால் நீங்கள் வழக்கமாக எங்கே, எதில் இருந்தீர்களோ அங்கேயே, அதிலேயே இருந்து முயற்சி செய்யுங்கள். பழைய போன், வீட்டு வைஃபை, வழக்கமாகப் பயன்படுத்தும் அதே பிரவுசர். என் கடைக் கணினி இதற்கு மிக மோசமான இடம். நீங்கள் ஒருநாளும் உட்காராத நாற்காலியில் உட்கார்ந்து "நான்தான் நான்தான்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இதைச் சொல்லித்தான் பலரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறேன். காசு வாங்காமல் அனுப்புவதால் சிலருக்குச் சந்தேகம்கூட வருகிறது.

கடைசியாக ஞாபகம் இருக்கும் பாஸ்வேர்டு கேட்டால், பழையதாக இருந்தாலும் அதைப் போடுங்கள். கேள்விகளைத் தாண்டிப் போகாதீர்கள். உறுதியில்லாவிட்டாலும் ஊகித்துப் பதில் சொல்வது மேல். உங்களைத் தொடர்புகொள்ள மின்னஞ்சல் கேட்டால், இப்போது உங்களால் திறக்க முடிகிற மின்னஞ்சலைக் கொடுங்கள். பூட்டிக்கொண்ட அதே முகவரியைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், சிரிக்க வேண்டாம், பதற்றத்தில் எல்லோரும் செய்வதுதான்.

சில சமயம் சில மணி நேரம் அல்லது சில நாள் பொறு என்று சொல்லும். அது உங்களுக்குத் தண்டனை இல்லை. திருடன் முயற்சி செய்திருந்தால், உண்மையான உரிமையாளர் பார்த்துத் தடுக்க அவகாசம் தருகிறார்கள். அதே காரணத்தால், நீங்கள் மீட்பு எண்ணை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்கே கோட் அனுப்பட்டுமா என்று கூகுள் கேட்கலாம். எண்ணை மாற்றிய மறுநாளே பழைய சிம்மை வீசிவிடாதீர்கள்.

அண்மையில் கூகுள் இன்னொரு வழியையும் கொண்டுவந்திருக்கிறது. நம்பிக்கையான ஒருவரை மீட்புத் தொடர்பாக முன்கூட்டியே சேர்த்துவைக்கலாம். நீங்கள் பூட்டிக்கொண்டால் உங்கள் திரையில் ஒரு எண் வரும், அதை அவர் தன் போனில் தேர்ந்தெடுத்து "ஆமாம், இவர்தான்" என்று சொல்வார். உங்கள் கணக்கில் உள்ளதை அவரால் பார்க்க முடியாது. மகன் சிங்கப்பூரில் இருக்கும் வீடுகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

எல்லாம் செய்தும் மறுத்துவிட்டால்? கொஞ்ச நாள் விட்டு மறுபடி முயற்சி செய்யலாம். அதற்கும் மறுத்தால் அந்தக் கணக்கு போனது போனதுதான். இதைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை, பத்து வருடப் புகைப்படம் அதில் இருக்கும்.

ஆதென்டிகேட்டர் ஆப்பில் வரும் 6 இலக்கத்தைச் சரியாகத்தான் போடுகிறேன். தவறு என்கிறது.

கைப்பேசியின் கடிகாரத்தைப் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அந்த ஆப்புக்குக் கோட்டை யாரும் அனுப்புவதில்லை. முதல்நாள் கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்தீர்களே, அப்போது ஒரு ரகசியம் உங்கள் போனிலும் அந்த நிறுவனத்திடமும் பதிந்துவிட்டது. இரண்டு பக்கமும் அந்த ரகசியத்தையும் இப்போதைய நேரத்தையும் வைத்துத் தனித்தனியாக ஒரே கணக்கைப் போடுகின்றன. பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு விடை. விடை ஒத்துப்போனால் உள்ளே விடும். உங்கள் போனின் நேரம் சில நிமிடம் பிசகினாலே விடை வேறாகிவிடும்.

நேரம் எப்படிப் பிசகும்? ஒரு பையன், விளையாட்டில் அடுத்த உயிர் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று அப்பாவின் போன் கடிகாரத்தை நாலு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டான். அப்பா பாவம், இரண்டு நாள் அலைந்தார். இன்னொன்று இதைவிட வேடிக்கை. இந்தியாவுக்குப் போய் வந்த ஒருவரின் போன் அந்த ஊர் நேர மண்டலத்திலேயே நின்றுவிட்டது. கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறதே என்று அவர் முள்ளை மட்டும் கையால் திருப்பி மலேசிய நேரம் வைத்துக்கொண்டார். பார்வைக்கு நேரம் சரி. ஆனால் ஆப் கணக்குப் போடுவது உலகப் பொது நேரத்தை வைத்து. போன் தன்னை இந்தியாவில் இருப்பதாகவே நினைத்ததால் எல்லாக் கோட்டும் தப்பு. செட்டிங்ஸில் தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் தானியங்கிக்கு மாற்றியதும் சரியானது. ஐந்து வெள்ளிகூட வாங்க மனம் வரவில்லை.

போனை ரீசெட் செய்துவிட்டேன். ஆதென்டிகேட்டர் ஆப் காலியாக இருக்கிறது.

ஆப்பைத் திரும்ப இறக்கினால் ஆப் வரும், ரகசியங்கள் வராது. ஆனால் கூகுள் ஆதென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் முதல் கூகுள் கணக்கோடு சேர்த்துச் சேமிக்கும் வசதி இருக்கிறது. அதை முன்பே போட்டிருந்தால், அதே கூகுள் கணக்கில் நுழைந்ததும் எல்லாம் திரும்ப வந்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஆப்பிலும் பேக்கப் வசதி உண்டு.

போடவில்லையென்றால் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகப் போய் ‘வேறு வழியில் முயற்சி செய்’ என்பதை அழுத்த வேண்டியதுதான். போன் மாற்றுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: புதுப் போனில் எல்லாம் வேலை செய்கிறது என்று பார்க்கும்வரை பழையதை விற்காதீர்கள், அழிக்காதீர்கள். டிரேட்-இன் கொடுக்கும் அவசரத்தில் என் கடையிலேயே இது நடந்திருக்கிறது. அதில் என் தப்பும் இருக்கிறது, கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் லைன் இல்லை. கோட் வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

செம்பனைக்கு நடுவே மேட்டில் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடிக்கும் காட்சி எனக்குத் தெரியும். குறுஞ்செய்திக்கு லைன் வேண்டும், வீட்டில் வைஃபை இருந்தாலும் பெரும்பாலும் உதவாது. ஆதென்டிகேட்டர் ஆப்புக்கோ லைனும் வேண்டாம், இணையமும் வேண்டாம், மேலே சொன்னபடி அதற்கு நேரம் தெரிந்தால் போதும். லைன் இல்லாத இடத்தில் இருப்பவர்கள் முடிந்த கணக்குகளையெல்லாம் குறுஞ்செய்தியிலிருந்து ஆப்புக்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஐபோன், ஆப்பிள் கணக்கு?

உங்கள் கையில் இன்னொரு ஆப்பிள் கருவி திறந்தபடி இருந்தால் அதிலேயே பாஸ்வேர்டை மாற்றலாம். இல்லையென்றால் ஆப்பிளின் கணக்கு மீட்பு. விண்ணப்பித்த பிறகு சில நாளோ அதற்கு மேலோ காத்திருக்கச் சொல்வார்கள். அந்தக் காலத்தை ஆப்பிள் ஊழியர்களாலும் குறைக்க முடியாது. காத்திருக்கும்போது அந்தக் கணக்கு உள்ள கருவிகளைப் பயன்படுத்தாதீர்கள், விண்ணப்பம் ரத்தாகிவிடலாம். ஆப்பிளிலும் மீட்புத் தொடர்பு என்று 5 பேர் வரை சேர்த்துவைக்கலாம். அவர்களிடமும் ஆப்பிள் கருவி இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் பின் மறந்துவிட்டது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புலனம் என்று சொல்வார்களே, அதுதான். இதில் இரண்டு 6 இலக்கம் இருக்கிறது, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று குறுஞ்செய்தியில் வரும் பதிவுக் கோட். மற்றது நீங்களே எப்போதோ வைத்த பின். பின்னை வைத்தபோது மின்னஞ்சலும் கொடுத்திருந்தால் அதன் வழியாக உடனே அழித்துப் புதிதாக வைக்கலாம். கொடுக்கவில்லையென்றால் 7 நாள் காத்திருக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது. அந்த 7 நாளும் குடும்பக் குரூப்பில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஒரு பாட்டி பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஃபேஸ்புக்?

முன்பு நுழைந்த போனிலிருந்தே முயற்சி செய்யுங்கள். அடையாள அட்டைப் படம் கேட்கலாம். கணக்கில் ‘இளைய நிலா’ என்று பெயர் வைத்திருந்தால் ஐசியில் இருக்கும் பெயரோடு அது எப்படிப் பொருந்தும்?

பேங்க் ஆப் புதுப் போனில் வேலை செய்யவில்லை. டேக் எண்ணும் வரவில்லை.

பரிவர்த்தனைக்குக் குறுஞ்செய்தியில் வரும் டேக் எண் வராததற்குக் காரணம் பெரும்பாலும் பழுது இல்லை. 2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, மோசடிகளைத் தடுக்க வங்கிகளுக்குச் சில கட்டளைகள் போட்டது. குறுஞ்செய்தி டேக்கிலிருந்து பாதுகாப்பான வேறு முறைக்கு மாறுவது, ஒருவருக்கு ஒரே கைப்பேசியில் மட்டும் ஒப்புதல், புதிதாகப் பதியும் போனுக்குக் கொஞ்ச நேரம் காத்திருப்பு ஆகியவை அதில் அடக்கம். அதனால் இப்போது பரிவர்த்தனைக்கு வங்கியின் ஆப்பிலேயே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தவேண்டியிருக்கிறது. பழைய போன் பதிவில் இருக்கும்வரை புதுப் போனில் அது வராது.

புதுப் போனைப் பதிந்ததும் பல மணி நேரம் பணம் அனுப்ப முடியாது. இதைப் பூட்டிக்கொண்டதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். பொறுங்கள், திறக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் போன் மாற்றாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

பதிவான எண்ணே மாறிப்போயிருந்தால் ஐசியையும் கார்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். இந்த விஷயத்தில் வங்கி எனக்குக் கூகுளைவிடப் பிடிக்கும், நம் முகத்தைப் பார்க்க ஒரு ஆளாவது கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட வேண்டுமென்றால் கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணைக் கூப்பிடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் உடனே வங்கியை அல்லது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணைக் கூப்பிடுங்கள். என்னிடம் வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இபிஎஃப் கணக்கில் பழைய எண் இருக்கிறது.

ஊழியர் சேமநிதி அலுவலகத்துக்கு ஐசியோடு போய்க் கட்டைவிரல் ரேகை வைத்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம். நம் ஆட்களுக்கு இங்கே ஒரு சங்கடம். வருடக்கணக்காக ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள், செம்பனைக் குலை தூக்கியவர்கள் கையில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் பிடிக்காது. மெஷினோடு சண்டை போடாமல் நேராகக் கவுன்டரில் சொல்லுங்கள். இது அவர்கள் பார்க்காத பிரச்சினை இல்லை. கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் போவதும் கொஞ்சம் உதவும்.

பள்ளிக்கூடக் கணக்கு, தோட்ட ஆபீஸ் கணக்கு?

இவற்றுக்கு என்னிடமும் வர வேண்டாம், கூகுளிடமும் போக வேண்டாம். பிள்ளையின் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கென்றால் பள்ளியில் கணினிக்குப் பொறுப்பான ஆசிரியர். ஆபீஸ் கணக்கென்றால் கிராணி (தோட்டத்து எழுத்தர்) வழியாகத் தலைமை அலுவலகத்துக் கணினிப் பிரிவு. நிர்வாகியால் பழைய இரண்டாம் பூட்டை, அதாவது கோட் கேட்பதை, நீக்கி உங்களைப் புதிதாகப் பதியச் சொல்ல முடியும்.

300 வெள்ளி கொடுத்தால் திறந்து தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார்.

அவரால் முடியாது. முடியும் என்றால் உங்கள் கணக்கை அவர் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம் என்று அர்த்தம், அது இன்னும் மோசம். பெரும்பாலும் உங்கள் ஐசிப் படத்தையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். நான் உட்பட எந்தக் கடைக்காரனும் செய்வது, மேலே எழுதியதை உங்களோடு சேர்ந்து உட்கார்ந்து செய்வதுதான். பக்கத்தில் நீங்கள் இல்லாமல் போனைக் கடையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பேக்கப் கோட் என்றால் என்ன? எங்கே வைப்பது?

பூட்டிக்கொள்வதற்கு முன் எடுத்துவைக்கும் மாற்றுச் சாவி. கூகுளில் கேட்டால் 8 இலக்கத்தில் 10 கோட் தரும். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். புதிதாக 10 எடுத்தால் பழைய 10ம் செல்லாது, அதனால் பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். ஃபேஸ்புக்கிலும் இதுபோல உண்டு.

இதைப் போனில் படமெடுத்து வைக்கிறவர்கள்தான் அதிகம். போன் தொலைந்தால் சாவியும் சேர்ந்து தொலையும், அப்புறம் எதற்கு அது? தாளில் எழுதுங்கள். பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம் எல்லாம் போட்டு அலமாரியில் துணிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருப்பீர்களே, அதில் போடுங்கள். சாமிப் படத்துக்குப் பின்னாலும் வைக்கலாம், என் அம்மா அங்கேதான் வைத்திருக்கிறார். எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுத மறக்காதீர்கள். பாஸ்வேர்டை அதே தாளில் எழுதாதீர்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு? கோட் கேட்பதையே அணைத்துவிடலாமா?

அணைக்கலாம்தான். நான் அணைத்துத் தருவதில்லை. இரண்டாம் பூட்டால் வெளியே நின்றவர்களில் பலரை உள்ளே கொண்டுவந்திருக்கிறேன். அது இல்லாமல் கணக்கைப் பறிகொடுத்தவர்களுக்கு என்னால் செய்ய முடிந்தது மிகவும் குறைவு.

அப்பா தவறிவிட்டார். அவர் போன் எங்களிடம் இருக்கிறது. கணக்குகளை என்ன செய்வது?

முதலில் அந்த எண்ணை நிறுத்திவிடாதீர்கள். காரியம் முடிந்த கையோடு லைனை வெட்டிவிட்டு வருகிறார்கள். பிறகு ஒவ்வொரு கணக்காகக் கோட் கேட்கும்போது திகைக்கிறார்கள். சில மாதங்களுக்கு ரீலோட் போட்டு உயிரோடு வைத்திருங்கள். போன் திறக்கிறதென்றால் புகைப்படம், குரல் பதிவு எல்லாவற்றையும் இப்போதே வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். ஒரு அம்மா இரண்டு வருடமாகக் கணவர் எண்ணுக்கு ரீலோட் போட வருகிறார். கோட்டுக்காகத்தானே என்று நான் கேட்டதில்லை.

போன் திறக்கவில்லையென்றால், இறந்தவர் கணக்குக்கென்று கூகுளிடமும் ஆப்பிளிடமும் தனி விண்ணப்பம் இருக்கிறது. இறப்புப் பத்திரம் கேட்பார்கள். ஆப்பிளில் மரபுத் தொடர்பு என்று அவர் உங்களை முன்பே சேர்த்திருந்தால் இறப்புப் பத்திரமும் அவர் தந்த அணுகல் சாவியும் போதும். கூகுளில், 3 முதல் 18 மாதம் வரை தான் வராவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே குறித்துவைக்கலாம். 2 வருடம் யாரும் தொடாத கூகுள் கணக்கை அவர்கள் நீக்கவும் கூடும், அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

பேங்க் ஆப்பை மட்டும் தொடாதீர்கள். பின் நம்பர் தெரிந்திருந்தாலும், சவ அடக்கச் செலவுக்குத்தான் என்றாலும், இறந்தவர் பெயரில் நுழைந்து பணம் எடுத்தால் பிறகு வாரிசுகளுக்குள்ளேயே சிக்கல் வரும். இறப்புப் பத்திரத்தோடு கிளைக்குப் போய் என்ன தாள் வேண்டும் என்று கேளுங்கள். இபிஎஃப் பணத்துக்கு அவர் யாரை வாரிசாக நியமித்திருக்கிறாரோ அவர் ஐசியோடு போக வேண்டும். அதற்கு அப்பாவின் போனுக்கு வரும் எந்தக் கோட்டும் தேவையில்லை.